நல்வரவின் எடை ஒரு கிலோ நானூறு

மதிப்பும் மரியாதையும் மிகுந்த சம்பந்தி அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் மகனுக்குப் பெண்ணைக் கொடுத்தவனும், தங்கள் சிபாரிசின் பேரில் வாரத்துக்கு மூன்று நாள் ரத்தத்தைக் கழுவிக்கொள்பவனுமான நான் பணிவோடு எழுதும் கடிதம்.

இங்கே நான், என் மனைவி, என் இரண்டு சிறுநீரகங்கள் ஆக நான்கு பேரில் முதல் இருவர் சௌக்கியம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் என் மகளும் பேத்தியும் சௌக்கியமாக இருக்க வேண்டும். தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறையவில்லை என்றால் தயவுசெய்து தங்கள் தங்கை மகன் நடத்தும் இந்த டயாலிசிஸ் நிலையத்தில் காட்டிவிட வேண்டாம். காரணம் கீழே வருகிறது.

போன புதன்கிழமை தாங்கள் தொலைபேசியில் கூப்பிட்டு, "சம்பந்தி, நம்ம குடும்பம்னு ஒண்ணு இருக்கு. மேனேஜரா இருக்கிறவன் என் தங்கச்சி பையன். அவன் நீட்டுற காகிதத்துல ஒரு கையெழுத்தைப் போட்டுட்டுப் போங்களேன், என்ன குறைஞ்சிடப் போகுது" என்று சொன்னீர்கள். என்ன குறையும் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டீர்கள். பெண்ணைக் கொடுத்தவன் திருப்பிக் கூப்பிட்டு வாதம் பண்ணுவது அழகல்ல என்பதால் எழுதுகிறேன். முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன்: கையெழுத்துப் போட்டுவிட்டேன். தங்கள் வார்த்தையைத் தட்டவில்லை. அந்தக் காகிதத்தில் உள்ள ஒரு வரியைக்கூட இன்றுவரை மீறவுமில்லை. இதை ஏழாம் எண் நாற்காலியில் சாய்ந்தபடி எழுதுகிறேன். இடக்கையில் இரண்டு ஊசிகள் இருப்பதால் அதை அசைக்கக் கூடாது. வலக்கையில் பேனா. எழுத்து மேலும் கீழுமாகப் போனால் அது மரியாதைக் குறைவு அல்ல, குளிர்.

ஆறு மாதத்துக்கு முன்னால் என்னை இங்கே அனுப்பும்போது, "நம்ம பையன் இடம், ராஜ மரியாதை கிடைக்கும்" என்றீர்கள். அந்த ராஜ மரியாதை எப்படி நடந்துவருகிறது என்பதைத் தாங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். காலை ஆறு மணிக்கு வரச்சொல்வார்கள்; கதவு ஆறரைக்குத் திறக்கும். கண்ணாடிக் கதவுக்கு வெளியே எட்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், அதில் ஒன்றுக்கு மூன்று கால். கடைசியாக வருகிறவருக்கு அது. உள்ளே போனதும் யாருக்கும் பெயர் கிடையாது, நாற்காலி எண்தான். முப்பத்துநான்கு வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவன் நான். சந்தைக்குள் காலை வைத்தால் கடைக்காரர்கள் தராசைத் துடைத்துக்கொண்டு எழுந்து நிற்பார்கள். இங்கே நான் 'ஏழு'. "ஏழு வந்துடுச்சா?", "ஏழுக்கு ஊசி போகல, அது நரம்பே சரியில்ல", "ஏழு ரொம்பப் பேசுது" என்று என் தலைக்கு மேலேயே பேசிக்கொள்வார்கள். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்தால் என்ன, நாற்காலிக்குக் காது உண்டா.

பணியாளர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தலைமை நர்ஸுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'அப்புறம் அம்மா'. குளிர்கிறது என்றால் "அப்புறம்." வலிக்கிறது என்றால் "அப்புறம்." இயந்திரம் கத்துகிறது என்றாலும் "அப்புறம்." நிமிர்ந்து பார்க்க மாட்டார். எங்களுக்கு ஊசி குத்திய கை தெரிய வேண்டும் என்பதால் போர்வையை இடுப்புக்கு மேலே இழுக்கக் கூடாது. அவர் மேஜைக்கு அடியில் மட்டும் ஒரு ஹீட்டர் சிவப்பாக எரிந்துகொண்டிருக்கும். என் உயிர் போகிற நேரம் வந்தாலும் இந்த அம்மா அதையும் அப்புறம் என்று தள்ளிவைத்துவிடுவார் என்பதுதான் எனக்கு இங்கே உள்ள ஒரே பாதுகாப்பு. அடுத்தவர் ஊசி குத்தும் டெக்னீஷியன். இரண்டு காதிலும் கம்பியைச் செருகிக்கொண்டு யாரிடமோ மோட்டார் சைக்கிள் விலை பேசியபடியே என் கையைத் துளைப்பார். முதல் குத்து தவறினால் என்னைக் கோபமாகப் பார்ப்பார். நான் என்னவோ நரம்பை வேண்டுமென்றே ஒளித்துவைத்த மாதிரி. டாக்டருக்கு 'மின்னல்' என்று பெயர். மாதத்துக்கு ஒருமுறை, தூரத்தில், இரண்டு நொடி.

ஆறாம் நாற்காலியில் இருப்பவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். இயந்திரம் கத்தினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்று கண்டு, ஒருநாள் தன் பழைய விசிலைக் கொண்டுவந்து ஒரு ஊது ஊதினார். டெக்னீஷியன் காதில் இருந்த கம்பியையும் மீறி அது கேட்டது. நான்கு பேர் ஓடிவந்தார்கள். இயந்திரத்தைச் சரிசெய்ய அல்ல, விசிலைப் பிடுங்க. "நோயாளிங்களுக்குத் தொந்தரவு" என்று அப்புறம் அம்மா அதை மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். தொந்தரவுபட்ட நோயாளிகள் எட்டுப் பேரும் கைதட்டிக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் அது ஒரு கைத் தட்டல்தான், மறுகையில் ஊசி.

இதெல்லாம் ஒரு குறையாக நான் எழுதவில்லை, சம்பந்தி. பழகிவிட்டது. விஷயம் தராசு.

தங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். எங்களைப் போன்றவர்களுக்குக் குடித்த தண்ணீர் வெளியே போகாது, உடம்பிலேயே தங்கும். அதனால் உள்ளே நுழைந்ததும் எடை பார்ப்பார்கள். தண்ணீர் சேராத என் சொந்த எடை ஐம்பத்தெட்டு கிலோ. அறுபது காட்டினால் இரண்டு கிலோ தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். நான்கு மணி நேரத்தில் இயந்திரம் அதை இழுத்துவிடும். இழுப்பது கொஞ்சம் கூடிப்போனால் கெண்டைக்கால் சுருட்டிக்கொள்ளும், கண் இருட்டும், ரத்த அழுத்தம் விழும். ஆக எங்கள் எட்டுப் பேரின் உயிரும் கதவோரம் இருக்கும் அந்த எடை மேடை சொல்லும் எண்ணில் இருக்கிறது. அந்த எண் எங்களுக்குத் தெரியாது. தெரிந்தால் வாதம் பண்ணுகிறார்கள் என்று திரையை மேஜைப் பக்கமாகத் திருப்பிவைத்திருக்கிறார்கள். சந்தையில் ஒரு காய்கறிக்காரர் இப்படித் திருப்பிவைத்திருந்தால் அன்றைக்கே நான் கடையைச் சாத்தியிருப்பேன்.

மூன்று வாரத்துக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமை தங்கள் தங்கை மகனுக்கு ஒரு யோசனை பிறந்தது. மேலிடத்திலிருந்து பார்வையாளர் குழு வரப்போகிறது. கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது அந்த எடை மேடை. அது கீறல் விழுந்து அசிங்கமாக இருக்கிறது. ஆகவே அதன்மேல் கச்சிதமாகப் பொருந்துகிற ஒரு தடித்த ரப்பர் கால்மிதியை விரிக்கச்சொன்னார். பச்சை நிறம், சுற்றிலும் மஞ்சள் கரை, நடுவில் பெரிய எழுத்தில் 'நல்வரவு'. அழகாகத்தான் இருந்தது. நாங்களும் ஆறு மாதத்தில் முதல்முறையாக யாரோ வரவேற்கிறார்களே என்று செருப்பைக் கழற்றிவிட்டு மரியாதையாக ஏறி நின்றோம்.

அன்று முதல் நாங்கள் எட்டுப் பேரும் தண்ணீர்த் திருடர்கள் ஆனோம். "ஏழு, ஒன்றரை கிலோ கூட. நாக்கை அடக்கத் தெரியலையா?" "ஆறு, பஸ்ஸுல வர்றப்போ பாட்டிலைக் காலி பண்ணிட்டு வர்றீங்களா?" நான் மாத்திரைக்கு ஒரு டம்ளர் தவிர வேறு ஒரு சொட்டு தொடுவதில்லை, என் மனைவி சாட்சி. யார் கேட்டார்கள். தங்கள் தங்கை மகன் சுவரில் ஒரு பலகை மாட்டினார். தலைப்பு: 'இந்த வாரம் கட்டுப்பாடு இல்லாதவர்கள்'. ஒன்று முதல் எட்டு வரை எல்லா எண்ணுக்கும் நேரே சிவப்பு நட்சத்திரம். எட்டுப் பேரும் ஒரே நாளில் ஒரே அளவு கெட்டுப்போவார்களா என்று யாருக்கும் ஒரு சந்தேகம் வரவில்லை. மின்னல் ஒருநாள் மின்னியது. எல்லாருக்கும் கால் இழுக்கிறது, எல்லாருக்கும் அழுத்தம் விழுகிறது என்று அட்டையைப் பார்த்துவிட்டு, "தண்ணியைக் குறைங்க" என்று சொல்லிவிட்டு மறைந்தது.

எட்டாம் நாற்காலியில் ஒரு தையல்காரம்மா. ஒற்றை ஆள். கடையும் வீடும் ஒரே அறை. மருந்து பாட்டிலின் மூடியில் அளந்து அளந்துதான் தண்ணீர் குடிப்பார். ஒரு நாளைக்கு எத்தனை மூடி என்று துணிக்குக் குறியிடும் சாக்குக்கட்டியால் சுவரில் கோடு போட்டு வைப்பவர். நான் பார்த்த கடைக்காரர்களில் பாதிப் பேர் அவரைப் போல அளந்திருந்தால் எனக்கு வேலையே இருந்திருக்காது. இரண்டாவது வாரம் வியாழக்கிழமை சிகிச்சை முடிந்து மேடையை விட்டு இறங்கியவர் அப்படியே சரிந்து விழுந்தார். மூக்குக்கண்ணாடி உடைந்தது. காலைத் தூக்கிப் பிடித்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, அவர் கண்ணைத் திறந்ததும் அப்புறம் அம்மா சொன்ன முதல் வார்த்தை: "அளவா குடிச்சிருந்தா இப்படி விழ வேண்டியதில்ல."

தையல்காரம்மா அழவில்லை. என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்: "சார், நான் மூடியால அளந்துதான் குடிக்கிறேன். ஒருவேளை தூக்கத்துல எழுந்து குடிக்கிறேனோ?"

எனக்கு அப்போது வந்த கோபம் என் பணிக்காலத்தில்கூட வந்ததில்லை. கள்ளத் தராசு வைத்து ஏமாற்றியவர்களைப் பிடித்திருக்கிறேன். ஒரு தராசு நல்ல மனுஷியைப் பார்த்து நீ திருடி என்று சொல்லி, அவரும் அதை நம்பத் தொடங்கிவிட்டதை அன்றுதான் பார்த்தேன். இன்னும் இரண்டு வாரம் இப்படியே போனால் அவர் ஒருநாள் விழுந்து எழுந்திருக்கவே மாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எழுந்தாலும் அந்த ஒரு மூடியையும் நிறுத்தியிருப்பார்.

நான் ஓய்வுபெற்றபோது அலுவலக நண்பர்கள் இரண்டு கிலோ பித்தளை எடைக்கல் ஒன்றை நினைவுப் பரிசாகக் கொடுத்தார்கள். அடியில் என் பெயர் பொறித்தது. என் மனைவி அதை ஊறுகாய் ஜாடிக்கு மேலே பாரமாக வைத்திருந்தாள். சனிக்கிழமை அதைத் துடைத்துத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். உள்ளே எல்லாரும் இயந்திரங்களைத் தயார் செய்துகொண்டிருந்த நேரம் பார்த்து, கால்மிதிமேல் கல்லை வைத்தேன். கண்டக்டர் மேஜைக்கு மேலே எட்டிப் பார்த்து, டிக்கெட் கொடுக்கிற குரலில், "மூணு நானூறு" என்றார். கல்லை எடுத்தேன். "ஒண்ணு நானூறு." கால்மிதியைத் தூக்கினேன். "சைபர்."

சம்பந்தி, ஆள் ஏறாத தராசை யார் பார்க்கிறார்கள். இரவும் பகலும் அணைக்காமல் வைத்திருக்கும் அந்தத் திரை, இரண்டு வாரமாக ஆளே இல்லாமல் ஒரு கிலோ நானூறு என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. எங்கள் எட்டுப் பேர் உடம்பிலும் இல்லாத தண்ணீரை அந்த இயந்திரங்கள் தேடித்தேடி இழுத்திருக்கின்றன. நாங்கள் சுமந்தது தண்ணீரை அல்ல, தங்கள் தங்கை மகனின் நல்வரவை.

கையில் கால்மிதியோடு நான் நிமிர்ந்தால் எதிரே அப்புறம் அம்மா. திரையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "அதை எடுத்த இடத்துல வைங்க" என்றார். நான் விளக்கினேன். "மேனேஜர் வைக்கச்சொன்னது. எடுக்க எனக்கு அதிகாரம் இல்ல" என்றார். காதில் கம்பி மாட்டிய டெக்னீஷியன் வந்து தன் பங்குக்கு ஒரு தத்துவம் சொன்னார்: "எல்லாருக்கும் ஒரே அளவுதான் கூடுது? அப்போ என்ன பிரச்சனை? ஒருத்தருக்கு மட்டும் கூடினாத்தான் பாரபட்சம்." இவ்வளவு நேர்மையான மனிதரைச் சந்தையில் பார்க்காமல் போனேனே என்று வருத்தப்பட்டேன்.

செவ்வாய்க்கிழமை தங்கள் தங்கை மகன் என்னைத் தன் அறைக்கு அழைத்தார். உட்காரச் சொல்லவில்லை, நாற்காலி இருந்தது, அதில் அவர் பை உட்கார்ந்திருந்தது. சிகிச்சைப் பகுதிக்குள் உலோகப் பொருள் கொண்டுவந்தது, நிலையத்தின் கருவியில் தலையிட்டது, வரவேற்புப் பொருளை அப்புறப்படுத்தியது என்று மூன்று குற்றம். "அங்கிள், குழு வந்து போற வரைக்கும் மேட் அங்கதான் இருக்கும். அதுக்கப்புறம் பார்த்துக்கலாம்" என்று ஒரு காகிதத்தை நீட்டினார். தலைப்பு 'ஒத்துழைப்பு உறுதிமொழி'. அதில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்: 'நான் எடை மேடையைத் தொடவோ சோதிக்கவோ மாட்டேன். நிலையத்தின் வரவேற்புப் பொருள் எதையும் நகர்த்தவோ தூக்கவோ மாட்டேன். என் எடை பற்றிப் பணியாளர்களிடம் விவாதிக்க மாட்டேன்.' வியாழக்கிழமைக்குள் கையெழுத்து இல்லையென்றால் ஏழாம் நாற்காலி வேறு ஒருவருக்கு. அடுத்த நிலையம் இரண்டு மணி நேரப் பயணம், அங்கேயும் பெயர் பதிந்து காத்திருக்க வேண்டும். எனக்குக் காத்திருக்க முடிந்த நாட்கள் அதிகபட்சம் ஐந்தோ ஆறோ. அதன் பிறகு தாங்கள் குடும்பத்தோடு இங்கே புறப்பட்டு வர வேண்டியிருந்திருக்கும். தங்கள் முழங்காலுக்கு அந்தப் பிரயாணம் ஆகாது.

மறுநாள்தான் தாங்கள் கூப்பிட்டீர்கள். நான் பயந்திருந்தேன் என்பதை ஒளிக்கவில்லை. என் மனைவி இரண்டு நாள் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை, பார்த்தால் அழுதுவிடுவாள். ஆகவே வியாழக்கிழமை காலை முதல் வேலையாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். தங்கள் தங்கை மகன் "தேங்க் யூ அங்கிள்" என்றார். அந்த உறுதிமொழியில் நான் என்ன செய்ய மாட்டேன் என்று இருந்தது. எட்டாம் நாற்காலி என்ன செய்யும் என்று எதுவும் இல்லை.

தையல்காரம்மா அன்றைக்கு ஒரு துணி மூட்டையோடு வந்திருந்தார். பிரித்துக் காட்டினார். பச்சைத் துணி, சுற்றிலும் மஞ்சள் கரை, நடுவில் 'நல்வரவு'. எழுத்தின் வளைவுகூட அச்சாக அதே மாதிரி. இரண்டு அடி தள்ளி நின்றால் ரப்பரா துணியா என்று பெற்றவருக்கும் தெரியாது. அளவு எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டேன். "கண்ணளவுதான் சார்" என்றார். முப்பத்துநான்கு வருட அனுபவத்தில் சொல்கிறேன், இப்படி ஒரு கண்ணளவை நான் பார்த்ததில்லை. நூல் பிசகவில்லை. கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தேன்: எண்பது கிராம் இருக்கும். அந்த அளவு பிழையை நான் பணியில் இருந்தபோதே மன்னித்திருக்கிறேன்.

மாற்றுவது எப்படி என்பதுதான் கேள்வியாக இருந்தது. கவனத்தைத் திருப்ப விசிலும் கையில் இல்லை. ஆனால் அதிர்ஷ்டம் எங்கள் பக்கம். அப்புறம் அம்மா அலமாரியிலிருந்து கோப்புப் பெட்டியை இறக்குகிறேன் பேர்வழி என்று கை தவறி மொத்தத்தையும் கீழே கொட்டினார். இருபது வருட அனுபவமாம், ஒரு பெட்டியைப் பிடிக்கத் தெரியவில்லை. "எல்லாரும் வந்து பொறுக்குங்க" என்று டெக்னீஷியனையும் மற்றவர்களையும் உள்ளே கூப்பிட்டார். இவர்கள் குனிந்து காகிதம் பொறுக்கிக்கொண்டிருந்தபோது எட்டும் ஆறும் சேர்ந்து பழையதைச் சுருட்டிப் புதியதை விரித்துவிட்டார்கள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றேன், உறுதிமொழி கொடுத்தவன். பழைய கால்மிதியை நாங்கள் திருடவில்லை. நிலையத்தின் சொத்து நிலையத்திலேயே இருக்கிறது. தங்கள் தங்கை மகனின் அறை வாசலில் விரித்திருக்கிறோம். யாரோ தனக்குத் தனியாக மரியாதை செய்திருக்கிறார்கள் என்ற நினைப்பில் தினமும் அதில் கால் துடைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்.

அன்றே எல்லார் எடையும் ஒரு கிலோவுக்கு மேல் இறங்கியது. யாருக்கும் கால் இழுக்கவில்லை. தையல்காரம்மா நான்கு மணி நேரம் முடிந்து, எழுந்து, யாரையும் பிடிக்காமல் வாசல் வரை நடந்தார். பலகையில் இருந்த நட்சத்திரங்கள் எல்லாம் மறைந்தன. சனிக்கிழமை பார்வையாளர் குழு வந்தது. நல்வரவைப் பார்த்து மகிழ்ந்தது. எடைப் பதிவேட்டில் போன வாரத்தையும் இந்த வாரத்தையும் ஒப்பிட்டு, ஒரே வாரத்தில் இவ்வளவு கட்டுப்பாடு எப்படி வந்தது என்று வியந்தது. தங்கள் தங்கை மகன், "கண்டிப்பும் கனிவும்தான் சார்" என்று பத்து நிமிடம் பேசினார். பாராட்டுச் சான்றிதழ் வருகிறதாம், சட்டம் போட்டு மாட்ட சுவரில் இப்போதே ஆணி அடித்தாயிற்று. நாங்கள் எட்டுப் பேரும் தொடையில் ஒரு கையால் தட்டினோம்.

இந்தக் கடிதத்தைத் தாங்கள் அவரிடம் காட்ட மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். காட்டினால், இரண்டு வாரத்துக்கு மேலாக எட்டு உயிரோடு விளையாடியது யார் என்று அந்தக் குழுவுக்கும் தெரிந்தாக வேண்டும். ஆணி சும்மா நிற்கும். நம்ம குடும்பம்னு ஒண்ணு இருக்கிறதல்லவா, சம்பந்தி.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் இருவரின் ஆசிகள். மகளிடம் அப்பா நன்றாக இருக்கிறார் என்று மட்டும் சொல்லவும். பேத்தி கன்னத்தில் என் சார்பில் ஒரு முத்தம் கொடுக்கவும், தாடியை மழித்துவிட்டு.

இப்படிக்கு,
தங்கள் சொல்லுக்கு என்றும் கட்டுப்பட்ட சம்பந்தி,
நாற்காலி எண் ஏழு.

பி.கு.: எழுதி முடித்ததைப் பக்கத்து நாற்காலித் தையல்காரம்மாவுக்கு மெதுவாகப் படித்துக் காட்டினேன். சிரித்துக்கொண்டே கேட்டவர், கண்ணளவு என்ற இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். "சார், கண்ணாடி உடைஞ்சு போச்சு எனக்கு. எந்தக் கண்ணால அளவெடுக்கிறது?" என்றார். நான் கல்லை வைத்துப் பார்த்த சனிக்கிழமை சாயங்காலமே அப்புறம் அம்மா அவர் கடைக்கு வந்திருக்கிறார். கையில் ஒரு சீட்டு. நீளம், அகலம், கரை எத்தனை விரல், எழுத்து எத்தனை உயரம், எல்லாம் அளந்து எழுதியது. மேனேஜரிடம் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாராம். மூன்றாம் முறை சொன்னால் வேலை இல்லை என்று அவருக்கும் ஒரு உறுதிமொழிக் காகிதம் நீட்டப்பட்டு, அவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறாராம். "விழுந்த அன்னைக்குச் சொன்னதுக்கு மன்னிப்புக் கேட்டாங்களா?" என்றேன். "அளவைக் கொடுத்தாங்க" என்றார் தையல்காரம்மா. கோப்புப் பெட்டி கை தவறியதைப் பற்றி நான் மேற்கொண்டு கேட்கவில்லை. கண்டக்டர் தன் போர்வையை உதறியபோது, இழுப்பறையில் பூட்டிக் கிடக்க வேண்டிய விசில் கீழே விழுந்ததையும் இப்போதுதான் பார்த்தேன்.

அப்புறம் அம்மா என் ஊசியை எடுக்க வந்தபோது நன்றி சொல்ல வாயெடுத்தேன். நிமிர்ந்து பார்க்காமல் "அப்புறம்" என்றார்.

கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றால் ஊசி எடுத்த இடத்தை அழுத்திப் பிடிக்க வலக்கை வேண்டியிருக்கிறது. இந்த நான்கு வரியையே இரண்டு முறை விட்டுவிட்டு எழுதினேன். ஆகவே தாங்கள்தான் பெரிய மனது பண்ண வேண்டும். நட்சத்திரங்கள் எல்லாம் மறைந்தன என்று எழுதியிருக்கிறேன். ஏழாம் எண்ணுக்கு நேரே ஒன்று இன்னமும் இருக்கிறது. அது அரைத் தர்பூசணி, மனைவிக்குத் தெரியாது. அப்புறம் அம்மாவைப் பற்றி எழுதியதையெல்லாம் ஒரு கிலோ நானூறு கழித்துக்கொண்டு முதலிலிருந்து இன்னொரு முறை வாசிக்கவும். தங்கள் தங்கை மகனைப் பற்றி எழுதியது மட்டும் சரியான எடை. அதில் ஒரு கிராம்கூடக் குறைக்க வேண்டாம்.